பதினான்காம் கட்டம்

மாதம் பிறந்து ஐந்து தேதிக்குள் அனுப்ப வேண்டும்.
சாம்பல் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு,
கழிவுநீர் எத்தனை கிலோ லிட்டர்,
பதிமூன்று கட்டத்தையும் நிரப்பிவிட்டுப்
பதினான்காவதுக்கு வரும்போது
பெரும்பாலும் டீ வந்துவிடும்.

கரியமில வாயு. டன்னில். இரண்டு தசம இடம்.

இதை யாரும் அளப்பதில்லை, கணக்குப் போடுகிறோம்.
எரித்ததில் எத்தனை பங்கு கரி என்று லேப் சொல்லும்,
நாற்பத்து நாலால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுப்பேன்.
வேலைக்குச் சேர்ந்த புதிதில்
தப்பாகப் போட்டுவிட்டேன் என்று மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.
எரித்தால் குறையும் என்றுதானே அதுவரை தெரியும்?
என் அப்பா காசிமேட்டில்
ஒரு சொம்பில் அடங்கித்தான் வெளியே வந்தார்.
இங்கே பன்னிரண்டு கிலோ உள்ளே போனால்
நாற்பத்து நாலு கிலோ மேலே போகிறது,
மிச்சத்தைக் காற்று
கேட்காமலே போட்டுக் கொடுக்கிறது.
மிச்ச அப்பா எங்கே போனார் என்று
மணலியில், அந்த மேஜையில்தான்
முதல்முறை யோசித்தேன்.

புகார் போனும் என் மேஜையில்தான்.
"சடையங்குப்பத்துலேர்ந்து பேசறேன் மேடம்,
முட்டை அழுகின நாத்தம், சோறு எறங்கல."
"கொடியில போட்ட வெள்ளைச் சட்டைய வந்து பாருங்க."
"பையனுக்குக் கண்ணு எரியுது,
மொதல்ல அந்தப் பைப்ப மூடுங்க."
தேதி, நேரம், காற்றடித்த திசை
எல்லாம் எழுதி வைக்கிறேன்.
ஒன்பது வருஷத்தில்
பதினான்காம் கட்டத்தைப் பற்றி
ஒரு போன் வந்ததில்லை.
நாறாது. கறுக்காது. கண்ணைக் கரிக்காது.
"நாம மூச்சுக்கு மூச்சு விடறதுதானேம்மா"
என்பார் வரதப்பன் சார்,
விட்டுக்கொண்டே.

போன டிசம்பரில்
இரண்டு மாதத்துக்கு வைத்திருந்த மழையை
ஒரே ராத்திரியில் இறக்கிவிட்டுப் போனது வானம்.
கடல் நிரம்பி நின்றதால்
முகத்துவாரத்தில் ஆற்றை வாங்கவில்லை.
திரும்பிய தண்ணீர் எர்ணாவூருக்குள் வந்து,
எங்கள் தெருவுக்குள் வந்து,
பிரிட்ஜைப் படுக்க வைத்து,
மீட்டர் பெட்டிக்குள் ஏறியது.

எந்தத் துளி எங்களுடையது என்று சொல்ல முடியாது.
உலகத்துப் புகைபோக்கி எல்லாம்
ஒரே அடுப்பை ஊதிக்கொண்டிருக்கும்போது
எந்த ஊதலில் பொங்கியது என்று
யாரைப் பிடித்துக் கேட்பது?
இதுவும் வரதப்பன் சார் சொன்னதுதான்.
பாதி சரி.

சேறு வழித்த நாலாம் நாள்
மொய்தீன் வந்தார், வயரைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு.
சுவரில் மூன்று கோடு இருந்தது.
பதினைந்தில் முழங்கால்.
இருபத்து மூன்றில் இடுப்பு.
இது, இன்னும் ஈரமாக, நெஞ்சு.
"மீட்டர எவ்ளோ ஒசரத்துல வைக்கணும் மேடம்?"
என்று பென்சிலை என்னிடம் நீட்டினார்.

இரண்டு தசம இடம் வரை போடுகிறவள் நான்.
பென்சிலை வாங்கி
சுவரை, மூன்று கோட்டை, கூரையைப் பார்த்தேன்.
பெருக்கவும் வகுக்கவும் ஒன்றும் வரவில்லை.
"ரொம்ப மேல போனா ரீடிங் எடுக்க வர்றவன் ஸ்டூல் கேப்பான்,"
என்றார் மொய்தீன். கொஞ்சம் காத்திருந்தார்.
பிறகு அவரே பென்சிலைத் திரும்ப வாங்கி
என் தலைக்கு மேல் ஒரு சாண் வைத்துக் கோடு போட்டார்.
"இதுக்கு மேல வந்துச்சின்னா
கரண்டு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன."

ஐந்தாம் தேதி.
பதிமூன்று கட்டம், டீ,
பதினான்கு.
அதை ஒட்டி, குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு.
ஒன்பது வருஷமாக அதில் 'இல்லை' என்றே அடித்து வந்தேன்.
அன்றைக்கு
ஆறடி இரண்டங்குலம்
என்று அடித்து அனுப்பிவிட்டேன்.

இன்றுவரை யாரும்
போன் செய்து கேட்கவில்லை.